14 டெராபைட் ஆரக்கிள், 4 மணி நேர டவுன்டைம்: கிளவுடுக்கு எப்படிக் கொண்டுபோவது?

நடுச்சாமம்:
வணக்கம். எங்கள் அலுவலகத்தின் பிரதான டேட்டாபேஸ் ஆரக்கிள் 19சி, ஐபிஎம் பவர் சர்வரில் ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ்) மேல் ஓடுகிறது. அளவு 14 டிபி. சர்வரின் பராமரிப்பு ஒப்பந்தம் முடியப்போகிறது, இனி சொந்தமாக சர்வர் வாங்குவதாக இல்லை, கிளவுடுக்குப் போய்விடுங்கள் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். போகிற போக்கில் இலவச டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸுக்கும் மாறிவிட்டால் லைசென்ஸ் தொல்லையும் ஒழியுமே என்று ஒரு யோசனை வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே போக 1 ஜிபிபிஎஸ் லைன் இருக்கிறது. ஞாயிறு அதிகாலையில் 4 மணி நேரம் நிறுத்திக்கொள்ளலாம், அதற்கு மேல் கேட்டால் கிடைக்காது. பிஎல் எஸ்கியூஎல் பேக்கேஜ்கள் (ஆரக்கிளுக்குள்ளேயே எழுதின புரோகிராம்கள்) நூற்றுக்கணக்கில் உண்டு.

என் கேள்வி ஒன்றுதான். டேட்டா பம்ப் (ஆரக்கிளின் எக்ஸ்போர்ட், இம்போர்ட் டூல்), கோல்டன்கேட் (நடக்கிற மாற்றங்களை உடனுக்குடன் அனுப்பும் ஆரக்கிள் டூல்), ஏடபிள்யூஎஸ் டிஎம்எஸ் (அமேசான் கிளவுடின் டேட்டாபேஸ் இடமாற்ற சர்வீஸ்), இதில் எதை எடுப்பது?

கம்பிவடம்:
டூல் அப்புறம். முதலில் கணக்கு.

1 ஜிபிபிஎஸ் என்றால் விநாடிக்கு 125 எம்பி. 4 மணி நேரம் முழு வேகத்தில் போனாலும் 1.8 டிபிதான். நாள் முழுக்கப் போனால் 10.8 டிபி. அந்த லைனில் மற்றவர்களும் வேலை பார்க்க வேண்டும் என்பதால் 70 சதவீதம் கிடைத்தாலே நல்ல கையிருப்பு, அப்படிப் பார்த்தால் 14 டிபிக்கு ஏறக்குறைய இரண்டு நாள். ஆக அந்த 4 மணி நேரத்தில் டேட்டாவைக் கடத்தப் போவதில்லை, கடைசி மிச்சத்தை மட்டும் கடத்தப் போகிறீர்கள். எந்த வழியைத் தேர்ந்தாலும் சரி, முழு காப்பி முன்கூட்டியே அங்கே போயிருக்க வேண்டும், அதன் பிறகு இங்கே நடக்கிற மாற்றங்கள் பின்னாலேயே போய்க்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, ஒரே டிசிபி இணைப்பில் அனுப்பிவிட்டு லைன் சரியில்லை என்று புலம்பாதீர்கள். விண்டோ (பதிலுக்குக் காத்திராமல் அனுப்பக்கூடிய அளவு) 64 கேபியிலேயே நின்றுவிட்டால், போய்வர 40 மில்லி விநாடி ஆகிற தூரத்துக்கு விநாடிக்கு 1.6 எம்பிக்கு மேல் வராது, லைன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும். பல இணைப்புகளாகப் பிரித்து அனுப்புங்கள். லைனை நம்பவே முடியாது என்றால் பெட்டியில் போட்டு அனுப்பும் வழி உண்டு, மைக்ரோசாஃப்டின் அஸூர் டேட்டா பாக்ஸ் மாதிரி. உங்கள் அளவுக்கு அது தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன்.

அந்த 14 டிபியில் நிஜமான டேட்டா எவ்வளவு? இண்டெக்ஸ், அண்டூ, டெம்ப், யாரோ எப்போதோ எடுத்துவைத்த காப்பி டேபிள்கள், எல்லாம் சேர்த்துச் சொல்கிறீர்களா?

பழைய டிபிஏ:
ஏஐஎக்ஸ் என்று எழுதியதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அது பிக் எண்டியன், கிளவுடில் கிடைக்கிற லினக்ஸ் லிட்டில் எண்டியன், அதாவது பைட்டுகளை அடுக்கும் வரிசையே நேர் எதிர். டேட்டா கார்டில் ஒரு ஸ்டாண்ட்பை (கூடவே ஓடும் நகல்) போட்டு, ஒரு நாள் ஸ்விட்ச்ஓவர் செய்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்கிற சொகுசான வழி உங்களுக்கு இல்லை.

எஞ்சின் மாற்றாமல், ஆரக்கிளாகவே போவதானால் நான் சொல்வது எக்ஸ்டிடிஎஸ், அதாவது இன்க்ரிமென்டல் பேக்கப்போடு சேர்ந்த டிரான்ஸ்போர்ட்டபிள் டேபிள்ஸ்பேஸ் (டேபிள்ஸ்பேஸ் என்பது டேபிள்கள் இருக்கும் டேட்டாஃபைல்களின் தொகுப்பு). டேட்டாஃபைல்களை ஒரு முறை முழுதாகக் கொண்டுபோய் அங்கே எண்டியன் மாற்றி வைத்துக்கொள்கிறீர்கள். பிறகு தினமும் ஆர்மேனில் (ஆரக்கிளின் பேக்கப் டூல்) இன்க்ரிமென்டல், அதாவது மாறியதை மட்டும் எடுத்து அதன் மேல் பூசுகிறீர்கள். பிளாக் சேஞ்ச் டிராக்கிங் போட்டுவிட்டால் அந்த இன்க்ரிமென்டல் சீக்கிரம் முடியும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் 14 டிபியையும் படித்துத்தான் எது மாறியது என்று கண்டுபிடிக்கும். கடைசி நாள் டேபிள்ஸ்பேஸ்களை ரீட் ஒன்லி ஆக்கி, கடைசி இன்க்ரிமென்டலை ஏற்றி, மெட்டாடேட்டாவை (டேபிள், இண்டெக்ஸ் போன்றவற்றின் வரையறைகள்) இம்போர்ட் செய்தால் முடிந்தது.

இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். அந்த மெட்டாடேட்டா இம்போர்ட்டுக்கு ஆகிற நேரம் டேட்டா அளவைப் பொறுத்தது அல்ல, ஆப்ஜெக்ட் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆயிரக்கணக்கில் பார்ட்டிஷன் (டேபிளின் துண்டுகள்), அதற்குள் சப்பார்ட்டிஷன் என்று இருந்தால் 1 டிபி டேட்டாபேஸுக்கே மணிக்கணக்கில் இழுக்கும். உங்கள் 4 மணி நேரத்தைத் தின்னப்போவது அதுதான், நெட்வொர்க் இல்லை. ஒத்திகையில் அளந்து பார்க்காமல் யாருக்கும் நேரம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

போஸ்ட்கிரெஸ் யோசனையை இப்போதைக்கு ஓரம் கட்டுங்கள். இடத்தையும் எஞ்சினையும் ஒரே ராத்திரியில் மாற்றிவிட்டு, திங்கட்கிழமை ஒரு ரிப்போர்ட் மெதுவாக ஓடினால் எதைக் குற்றம் சொல்வீர்கள்? டிஸ்கா, நெட்வொர்க்கா, குவெரி பிளானரா, மாற்றி எழுதின ப்ரொசீஜரா?

போஸ்ட்கிரெஸ் பித்தன்:
பழைய டிபிஏ சார் சொல்வது பாதுகாப்பான வழிதான், மறுக்கவில்லை. ஆனால் "முதலில் இடம் மாறுவோம், எஞ்சினை அப்புறம் பார்ப்போம்" என்று போன இடங்களில் அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததில்லை. கிளவுடுக்குப் போனதும் கொண்டாடுவார்கள், குழுவைக் கலைப்பார்கள், பட்ஜெட் வேறு எதற்கோ போய்விடும்.

செலவையும் பாருங்கள். சொந்த இடத்தில் இன்டெல் சர்வரில் கோர் ஃபேக்டர் 0.5, இரண்டு கோருக்கு ஒரு ஆரக்கிள் லைசென்ஸ் போதும். ஏடபிள்யூஎஸ், அஸூர் போன்ற இடங்களில் அந்தச் சலுகை கிடையாது, ஹைப்பர்த்ரெடிங் இருந்தால் இரண்டு விசிபியூவுக்கு (கிளவுடில் கணக்கிடும் மெய்நிகர் சிபியூ) ஒரு லைசென்ஸ், அதாவது ஒரு நிஜக் கோருக்கு ஒன்று. அதே வேலைக்கு இரட்டிப்பு லைசென்ஸ்.

முடியாத காரியமும் இல்லை. அமேசானின் சொந்த நுகர்வோர் வணிகப் பிரிவே ஏறக்குறைய 7,500 ஆரக்கிள் டேட்டாபேஸ்களில் இருந்த 75 பீட்டாபைட்டை நகர்த்தி முடித்ததாக 2019 அக்டோபரில் அறிவித்தது.

பழைய டிபிஏ:
தம்பி, அவர் வருவது இன்டெலில் இருந்து இல்லை, பவரில் இருந்து. பவருக்கு கோர் ஃபேக்டர் ஏற்கனவே 1.0. அவருக்கு எதுவும் இரட்டிப்பாகாது. கோர் எண்ணிக்கை கூடுமா என்பதுதான் கேள்வி, ஒரு பவர் கோர் செய்கிற வேலைக்கு எத்தனை இன்டெல் கோர் வேண்டும் என்பதை உட்கார்ந்து அளக்க வேண்டும்.

அமேசான் கதையில் இன்னொரு பாதியும் உண்டு. அந்த வேலையில் 100க்கும் மேற்பட்ட குழுக்கள் இருந்தன, பல வருடம் ஆனது. நடுச்சாமத்தின் குழுவில் எத்தனை பேர்?

நடுச்சாமம்:
டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்கிற டிபிஏ இரண்டு பேர், அதில் ஒருவன் நான். டெவலப்பர்கள் தனிக் குழு, அவர்களுக்கு வேறு வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

ரெண்டாவது பேக்கப்:
அப்படியானால் எஞ்சின் மாற்றம் எவ்வளவு ஆழம் என்று ஒரே ஒரு உதாரணம் காட்டுகிறேன், மற்றதை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

ஆரக்கிளில் காலி ஸ்ட்ரிங்கும் நல்லும் (NULL, மதிப்பே இல்லாத நிலை) ஒன்றுதான். போஸ்ட்கிரெஸில் இரண்டும் வேறு. சரி, இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கடிதத்தில் அச்சாகும் பெயரை முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் மூன்றையும் இரட்டைக் கோடு ஆப்பரேட்டரால் ஒட்டித்தான் எடுப்பார்கள் அல்லவா? நடுப்பெயர் இல்லாதவருக்கு அங்கே நல். ஆரக்கிள் அதைக் கண்டுகொள்ளாமல் மற்ற இரண்டையும் ஒட்டிக் கொடுத்துவிடும். போஸ்ட்கிரெஸில் நல்லோடு எதை ஒட்டினாலும் விடை நல். முழுப் பெயரும் காணாமல் போகும். எரர் வராது, லாகில் ஒரு வரி இருக்காது, பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக அச்சாகி வாடிக்கையாளர் கைக்குப் போகும். டெஸ்ட் டேட்டாவில் எல்லாருக்கும் நடுப்பெயர் கொடுத்து வைத்திருந்தால் டெஸ்டிலும் பிடிபடாது.

ஆரக்கிளின் டேட் டைப்பில் நேரமும் சேர்ந்து இருக்கும், போஸ்ட்கிரெஸின் டேட்டில் நாள் மட்டும்தான். ஆரக்கிளில் டிரான்சாக்ஷன் நடுவில் ஒரு இன்சர்ட் தோற்றால் அந்த ஒரு ஸ்டேட்மென்ட் மட்டும் திரும்பும், மற்றதைத் தொடரலாம். போஸ்ட்கிரெஸில் சேவ்பாயிண்ட் (நடுவில் திரும்பி வரக் குறித்துவைக்கும் இடம்) போடாமல் இருந்தால் முழு டிரான்சாக்ஷனும் செத்துவிடும். "இன்சர்ட் செய்து பார், டூப்ளிகேட் என்று வந்தால் அப்டேட் செய்" என்று எழுதின ஜாவா கோடு முழுவதையும் தேடிப் பிடிக்க வேண்டும். ஓரா2பிஜி என்கிற மாற்று டூல் ஸ்கீமாவையும் பெரும்பாலான ப்ரொசீஜர்களையும் மாற்றித் தரும், எவ்வளவு வேலை என்று ஒரு மதிப்பீட்டு ரிப்போர்ட்டும் தரும், அதை ஓட்டிப் பார்க்கக் காசு கிடையாது. ஆனால் டேட்டாபேஸுக்கு வெளியே, அப்ளிகேஷனுக்குள் புதைந்து கிடக்கிற எஸ்கியூஎல்லை அது பார்க்காது.

டிஎம்எஸ் பற்றியும் ஒன்று. லிமிடெட் லாப் மோடில் (பெரிய உள்ளடக்கத்துக்கு அளவு வரம்பு வைக்கும் முறை) அளவை நீங்களாக மாற்றாவிட்டால் 32 கேபிக்கு மேல் இருக்கிற கிளாப், பிளாப் (நீண்ட உரை, பைனரி ஃபைல்) எல்லாம் வெட்டுப்படும். லாகில் ஒரு எச்சரிக்கை வரும், வேலை பச்சை விளக்கோடு முடியும். வரிசை எண்ணிக்கை இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தும், ஸ்கேன் செய்து வைத்த ஆவணத்தைத் திறந்தால் பாதிதான் இருக்கும். கவுண்ட் எடுத்து ஒப்பிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். நீளங்களின் கூட்டுத்தொகை, ஹாஷ், பணத் தொகைகளின் கூட்டல், இப்படி உள்ளடக்கத்தைத் தொட்டுப் பார்க்கிற சோதனை வேண்டும். செகண்டரி இண்டெக்ஸ், ட்ரிகர், சீக்வென்ஸ் (அடுத்த வரிசை எண்ணைத் தருவது) இதெல்லாம் டிஎம்எஸ் கொண்டுவந்து தரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கட்ஓவர் அன்று, அதாவது புதியதுக்கு மாறும் நாளில், சீக்வென்ஸை இப்போதைய எண்ணுக்கு மேலே ஏற்றிவைக்க மறந்தால் முதல் இன்சர்ட்டே பிரைமரி கீயில் போய் முட்டும்.

போஸ்ட்கிரெஸ் பித்தன்:
இதெல்லாம் உண்மைதான், ஆனால் பயமுறுத்துகிற மாதிரி எழுதுகிறீர்கள். நல் பிரச்சினைக்கு கான்கேட் ஃபங்ஷனைப் போட்டால் தீர்ந்தது. எதிர்ப்பக்கம் நல்லதும் உண்டு. ஆரக்கிளில் வார்கேரக்டர்2 30 என்றால் வழக்கமாக 30 பைட், தமிழ் யூனிகோடில் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்8ல் 3 பைட் பிடிப்பதால் பத்து குறியீட்டிலேயே நிரம்பிவிடும். போஸ்ட்கிரெஸில் அதே 30 என்பது எழுத்துக் குறியீடுகளின் எண்ணிக்கை. பழைய டேட்டாபேஸ் யூடிஎஃப்8 இல்லை என்றால் எக்ஸ்டிடிஎஸ் வழியில் கேரக்டர் செட்டை மாற்றவும் முடியாது, ஃபைலை அப்படியே தூக்கிக்கொண்டு போகிற வழி அது. நடுச்சாமம், உங்கள் கேரக்டர் செட் என்ன?

நடுச்சாமம்:
ஏஎல்32யூடிஎஃப்8. நல்லவேளை.

கம்பிவடம்:
யாரும் இன்னும் கேட்காததை நான் கேட்கிறேன். இந்த டேட்டாபேஸோடு யார் யார் பேசுகிறார்கள்? டேட்டாபேஸ் மட்டும் கிளவுடுக்குப் போய் அப்ளிகேஷன் சர்வர் இங்கேயே இருக்கப்போகிறதா?

இப்போது இரண்டும் ஒரே அறையில் இருப்பதால் ஒரு குவெரி போய்வர அரை மில்லி விநாடிகூட ஆகாது, யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஃபைபரில் வெளிச்சமே 100 கிலோமீட்டர் போய்வர 1 மில்லி விநாடி எடுக்கும், நடுவில் இருக்கிற ரூட்டர், ஃபயர்வால், விபிஎன் எல்லாம் அதற்கு மேல். எல்லாம் சேர்த்து 8 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திரையைத் திறக்க 400 குட்டிக் குவெரி அடிக்கிற அப்ளிகேஷன் (இருக்கும், எஸ்கியூஎல்லைத் தானே எழுதிக்கொள்ளும் ஓஆர்எம் போட்ட இடத்திலெல்லாம் இருக்கும்) 3 விநாடிக்கு மேல் சும்மா காத்திருக்கும். பத்து லட்சம் வரிசையை ஒவ்வொன்றாக எடுத்து அப்டேட் செய்கிற இரவு ஜாப், காத்திருப்பு மட்டுமே 8,000 விநாடி, 2 மணி 13 நிமிடம். சிபியூவும் டிஸ்கும் தூங்கிக்கொண்டிருக்கும், எவ்வளவு பெரிய இன்ஸ்டன்ஸ் (கிளவுட் சர்வர்) வாங்கிப் போட்டாலும் இது குறையாது.

அதனால் அப்ளிகேஷனும் கூடவே போக வேண்டும், அதே ரீஜியனுக்கு. கூட வராதவற்றை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வி டாலர் செஷனில் (இப்போதைய இணைப்புகளைக் காட்டும் ஆரக்கிள் வியூ) மெஷின், புரோகிராம் இரண்டையும் சில நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து ஒரு டேபிளில் சேர்த்துக்கொண்டே வாருங்கள், புது இணைப்புகளை வாங்குகிற லிஸ்னரின் லாகையும் பாருங்கள். ஒரு வாரம் போதாது, மாதக் கடைசி கட்டாயம் உள்ளே வர வேண்டும், காலாண்டு முடிவும் வந்தால் நல்லது. வருடத்துக்கு ஒரு முறை மட்டும் தலைகாட்டுகிற இணைப்புகளுக்கு ஆட்களைப் போய்க் கேட்பதைத் தவிர வழியில்லை. டேட்டாபேஸ் லிங்க் வழியாக வேறு டேட்டாபேஸ்கள் இழுக்கின்றனவா, எங்காவது ஐபி முகவரியை கோடிலேயே எழுதிவைத்திருக்கிறார்களா, கணக்குப் பிரிவில் யாராவது எக்செலை நேரடியாக இணைத்து வைத்திருக்கிறார்களா, எல்லாம் இப்போதே தெரிய வேண்டும்.

செலவுக்கணக்கு:
குறுக்கே வருகிறேன். போகத்தான் வேண்டுமா? 24 மணி நேரமும் ஒரே சீரான சுமையில் ஓடுகிற பெரிய டேட்டாபேஸ் கிளவுடில் மலிவாக முடிவது அபூர்வம். சுமை ஏறி இறங்குகிற இடத்துக்குத்தான் கிளவுட் லாபம். பேஸ்கேம்ப் நடத்துகிற 37சிக்னல்ஸ் 2022ல் கிளவுடை விட்டு வெளியேறுகிறோம் என்று பகிரங்கமாக அறிவித்துவிட்டு வெளியேறினார்கள். நெட்ஃப்ளிக்ஸ் போனதே காசுக்காக இல்லை, 2008ல் டேட்டாபேஸ் கெட்டுப்போய் மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் தவித்ததால் போனார்கள், முழுசாக முடிக்க 2016 ஆனது.

நடுச்சாமம்:
முடிவெடுத்தது நான் இல்லை, நண்பரே. சர்வர் அறையையே காலி செய்கிறார்கள்.

செலவுக்கணக்கு:
சரி, அப்படியென்றால் டிஸ்க் விஷயத்தையாவது கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இப்போதைய ஸ்டோரேஜ் எவ்வளவு ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை முறை படிக்கும், எழுதும்), எவ்வளவு எம்பி தருகிறது என்று ஆரக்கிளின் ஏடபிள்யூஆர் என்கிற செயல்திறன் ரிப்போர்ட்டில் மாதக் கடைசி நாளைப் பார்த்து எழுதிவையுங்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் ஜிபி3 என்கிற வகை டிஸ்க் வால்யூம் ஒன்று அடிப்படையாகத் தருவது 3,000 ஐஓபிஎஸ், விநாடிக்கு 125 எம்பி. அந்த வேகத்தில் 1 டிபி டேபிளை முழுதாகப் படிக்க, வேடிக்கை பாருங்கள், அதே 8,000 விநாடி. காசு கொடுத்துக் கூட்டலாம், கூட்டியும் வேகம் வரவில்லை என்றால் இன்ஸ்டன்ஸைப் பாருங்கள், டிஸ்குக்கு ஒரு வரம்பு, இன்ஸ்டன்ஸுக்குத் தனி வரம்பு, இரண்டில் குறைந்ததுதான் கிடைக்கும். சின்ன இன்ஸ்டன்ஸ்களில் விளம்பரத்தில் போடுகிற உச்ச வேகம் நாளுக்கு அரை மணி நேரத்துக்குத்தான் உத்தரவாதம்.

ஸ்னாப்ஷாட்டில் இருந்து எழுப்பின டேட்டாபேஸில் வேகத்தை அளக்கவே அளக்காதீர்கள். பிளாக்குகள் எஸ்3 என்கிற ஸ்டோரேஜில் இருந்து முதல் முறை தொடும்போதுதான் வரும், முதல் நாள் எல்லாமே ஊர்ந்துபோகும். இதைத் தெரியாமல் ஒரு ஆலோசனை நிறுவனம் எங்களிடம் "டேபிள் டிசைன் சரியில்லை" என்று ரிப்போர்ட் எழுதிக் காசு வாங்கிக்கொண்டு போனது.

நடுச்சாமம்:
எல்லாருக்கும் நன்றி. உட்கார்ந்து பார்த்தோம். 14 டிபியில் 4 டிபிக்கு மேல் ஆடிட் டேபிள், 7 வருடப் பழசு வரைக்கும் கிடக்கிறது. அதில் பழையதை எடுத்துத் தனியாக வைத்தால் 10 டிபி பக்கம் வந்துவிடும். இணைப்புப் பட்டியலில் எங்கள் யாருக்கும் தெரியாத இரண்டு மெஷின்கள் தென்பட்டன, ஒன்று யாருடையது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு ஆரக்கிளாகவே போவது, ரிப்போர்ட் பகுதியை மட்டும் அங்கே போன பிறகு போஸ்ட்கிரெஸுக்கு மாற்றிப் பார்ப்பது என்று மேலே பேசி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். இன்னும் பிடிபடாதது ஒன்று: போன பிறகு சரிப்படவில்லை என்றால் திரும்பி வருவது எப்படி?

ரெண்டாவது பேக்கப்:
இந்தக் கேள்வியை இவ்வளவு சீக்கிரம் யாரும் கேட்டுப் பார்த்ததில்லை, மகிழ்ச்சி.

புது டேட்டாபேஸில் முதல் ஆர்டர் பதிவாகிற வரைக்கும் திரும்புவது சுலபம், பழையதை ரீட் ரைட் ஆக்கினால் போதும். முதல் பதிவு விழுந்த பிறகு திரும்பினால் அந்தப் பதிவை இழக்கிறீர்கள். அதனால் இரண்டில் ஒன்று. கட்ஓவர் முடிந்ததும் புதியதில் இருந்து பழையதுக்கு எதிர்த்திசையில் ரெப்ளிகேஷன் ஓட வேண்டும், எண்டியன் வேறு என்பதால் அது லாஜிக்கலாக, அதாவது ஃபைலாக இல்லாமல் மாற்றங்களாகத்தான் இருக்க முடியும், கோல்டன்கேட்டுக்கு உங்கள் விஷயத்தில் சரியான வேலை இதுதான். இல்லையென்றால், இத்தனை மணிக்கு மேல் திரும்ப மாட்டோம், என்ன ஆனாலும் முன்னோக்கித்தான் சரிசெய்வோம் என்று மேலிடம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டும் இல்லாமல் "பார்த்துக்கொள்ளலாம்" என்று போகிறவர்கள்தான் அதிகம். திரும்புவதா வேண்டாமா என்று யார் முடிவெடுப்பார், எந்த மணிக்கு, எதைப் பார்த்து, இதையும் பகலில் தெளிவாக இருக்கும்போதே எழுதிக்கொள்ளுங்கள், அதிகாலை நாலு மணிக்கு எல்லாருமே நம்பிக்கைவாதிகள்.

பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் புதிய தளத்துக்கு மாறியதைத் தேடிப் படித்துப் பாருங்கள். கிளவுட் கதை இல்லை, ஆனாலும் படிக்க வேண்டும். டேட்டா எல்லாம் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது, ஒழுங்குமுறை அமைப்பே அப்படித்தான் சொல்கிறது. விழுந்தது தளம். வழக்க நிலைக்கு வர டிசம்பர் ஆனது, 2022ல் அபராதம் 4.865 கோடி பவுண்டு.

அப்புறம் கனெக்ஷன் பூல், அப்ளிகேஷன் முன்கூட்டியே திறந்துவைத்திருக்கிற இணைப்புகள். டிஎன்எஸ் பெயரை மாற்றிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். டிடிஎல்லை (பழைய முகவரியை நினைவில் வைத்திருக்கும் நேரம்) சில நாள் முன்பே 60 விநாடிக்குக் குறைத்துவிட்டாலும், பூலில் திறந்து கிடக்கிற இணைப்பு பழைய சர்வரையேதான் பிடித்துக்கொண்டிருக்கும். பழையதில் லிஸ்னரை நிறுத்தி, மிச்சம் இருக்கிற செஷன்களை நீங்களே வெட்டிவிடுங்கள். அந்த யாருடையது என்று தெரியாத மெஷின் அப்போது தானாகவே உங்களுக்குப் போன் செய்யும்.

பழைய டிபிஏ:
டைம்ஸோனையும் பாருங்கள், மேனேஜ்டு சர்வீஸ் எடுத்தால் யூடிசிதான் (உலகப் பொது நேரம்) இயல்பாக இருக்கும். சர்வரின் நேரத்தைத் தருகிற சிஸ்டேட்டை நம்பி நாள் முடிவுக் கணக்கு போடுகிற ஜாப் எல்லாம் தேதியை மாற்றிப் போட்டுவிடும்.

எக்ஸ்டிடிஎஸ் தொடங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: எந்த டேபிள்ஸ்பேஸாவது டிடிஇ என்கிரிப்ஷனில் இருக்கிறதா? இருந்தால் அதை எண்டியன் தாண்டிக் கொண்டுபோக முடியாது, டீகிரிப்ட் செய்துவிட்டு எடுக்க வேண்டும், அல்லது அதிலிருக்கிற டேபிள்களை மட்டும் டேட்டா பம்பில் தனியாக அனுப்ப வேண்டும்.

நடுச்சாமம்:
ஒரு டேபிள்ஸ்பேஸ் இருக்கிறது, 200 ஜிபிக்குள்தான். அதை டேட்டா பம்பில் அனுப்பிவிடுகிறோம். ஒத்திகையில் மெட்டாடேட்டா இம்போர்ட் மட்டும் 3 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது, நீங்கள் சொன்ன மாதிரியே. குறைக்க வழி உண்டா?

பழைய டிபிஏ:
எக்ஸ்போர்ட்டில் ஸ்டாட்டிஸ்டிக்ஸை (குவெரி பிளானர் பயன்படுத்தும் புள்ளிவிவரம்) எக்ஸ்க்ளூட் செய்தீர்களா? பார்ட்டிஷன் அதிகமாக இருந்தால் நேரத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் போகும். அதை விலக்கிவிட்டு ஸ்டாட்ஸைத் தனியாக ஒரு டேபிளில் எக்ஸ்போர்ட் செய்து அங்கே ஏற்றிக்கொள்ளுங்கள். ஆடிட் டேபிளின் பழைய பார்ட்டிஷன்களை ஒத்திகைக்கு முன்பே எடுத்துவிட்டீர்களா, இல்லை அதுவும் சேர்ந்துதான் 3 மணி நேரமா?

நடுச்சாமம்:
அதுவும் சேர்ந்துதான். இரண்டையும் செய்துவிட்டு அடுத்த ஒத்திகை நேரத்தை இங்கேயே போடுகிறேன்.